லிமிட்டு பார்த்துத் தொலைக்கணும் மாப்ள

மாப்ள, வண்டி களவு போனதுக்கு நான் உன்னைக் குறை சொல்லல. களவுன்னா போகத்தான் செய்யும். ஆனா எங்க வச்சுப் போகணும்னு ஒரு முறை இருக்குல்ல? பாலத்துக்கு இங்கிட்டு டீக்கடை, அங்கிட்டு பரோட்டாக்கடை. டீக்கடை வரைக்கும் ஒரு ஸ்டேஷன் லிமிட்டு, பரோட்டாக்கடையில இருந்து இன்னொரு ஸ்டேஷன் லிமிட்டு. ரெண்டையும் விட்டுட்டு நட்டநடுப் பாலத்துல வண்டியை நிப்பாட்டி, ஆத்தைப் பார்த்து செல்ஃபி எடுத்திருக்க. ஆத்துல தண்ணியும் கிடையாது. இன்ஜினியருக்குப் படிச்ச பிள்ளை செய்யிற காரியமா இது? உன் வண்டியை எடுத்தானே, அவன் எட்டாப்பு தாண்டியிருக்க மாட்டான். ஆனா அவனுக்கு லிமிட்டு தெரிஞ்சிருக்கு பாரு.

உனக்குத் தெரிஞ்ச லிமிட்டெல்லாம் எனக்கும் தெரியும். ரோட்டோரம் வட்டத்துக்குள்ள நம்பர் போட்ட போர்டு, போன்ல தீர்ந்து போற டேட்டா, மாசக் கடைசியில உன் பொண்டாட்டி தேய்க்கிற கார்டு. அதெல்லாம் சில்லறை. சர்க்கார் லிமிட்டுன்னு ஒண்ணு இருக்கு. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத எங்க அப்பத்தாவுக்குக்கூட அது தெரியும். கரண்டு, மோட்டாரு, லோனு, கேசு, பெயிலு, அதோட லிமிட்டு. இந்த ஆறு இங்கிலீசு வார்த்தையை வச்சே அது எண்பது வயசு வரைக்கும் தாலுகா ஆபீஸை ஆட்டிப் படைச்சிருச்சு. வக்கீல் வேற ஒரு பேரு சொல்லுவார், ஜூரிஸ்டிக்‌ஷன்னு. அது கோர்ட்டுக்குள்ள கருப்பு அங்கி மாட்டிக்கிட்டுப் பேசறது. ஸ்டேஷன் வாசல்லயும், வேப்பமரத்தடியிலயும், ஜீப்பு பானட்டு மேல காகிதத்தை வச்சு எழுதும்போதும் புழங்கறது லிமிட்டுதான்.

இதை எப்படிப் புழங்குறாகன்னு பார்க்கணுமே மாப்ள, அது ஒரு கலை. நீ நேத்து போனப்ப என்ன நடந்திருக்கும்னு நான் இங்க கட்டில்ல கிடந்துக்கிட்டே சொல்றேன், கேட்டுக்க. பாரா நின்ன பொண்ணு உன்னை உள்ள அனுப்பியிருக்கும். ரைட்டர் 'உட்காருங்க தம்பி'ன்னு சொல்லியிருப்பார். முழுக்கதையும் கேட்டிருப்பார். வண்டி என்ன கலரு, டேங்க்ல கீறல் உண்டா, இன்சூரன்ஸ் நடப்புல இருக்கான்னு அக்கறையா விசாரிச்சிருப்பார். ஒரு வெள்ளைத்தாளைக்கூட உன் பக்கம் நகர்த்தியிருப்பார். நீ பேனா மூடியைக் கழட்டின நேரம் பார்த்து, 'ஆமா, பாலத்துல எந்தப் பக்கம்?'னு கேட்டிருப்பார். நீயும் அரிச்சந்திரன் பேரன் கணக்கா 'நடுவுல சார்'னு சொல்லியிருப்ப. அப்ப அவர் முகத்துல ஒரு சந்தோசம் வந்திருக்கும் பாரு, மக கல்யாணம் நிச்சயமானாக்கூட அது வராது. 'அடடா, அது நம்ம லிமிட்டு இல்லையே தம்பி.'

அந்த 'நம்ம'வைக் கவனிச்சியா? உன்னையும் சேர்த்துக்கிட்டுத்தான் வெளிய தள்ளுவாக. நீயும் என்னமோ அவரே உனக்காக வருத்தப்படுற மாதிரி 'சரிங்க சார்'னு கும்பிட்டுட்டு வந்திருப்ப. அங்கிட்டு ஸ்டேஷனுக்குப் போயிருப்ப. அங்க 'பாலம் பூரா அவுங்க லிமிட்டுதானே, உங்களை ஏன் இங்க அனுப்பினாங்க?'ன்னு அவுக ஆச்சரியப்பட்டிருப்பாக. சரிதானா? சரின்னா வெத்தலைப் பெட்டியை எடுத்து இங்கிட்டு வையி.

ஸ்டேஷனோட முடியிற சங்கதி இல்ல இது. நம்ம முக்குரோட்டுல ஒரு பள்ளம் கிடக்கே. பெரிய ரோடு ஹைவேஸ்காரன் ரோடு, கிளை பிரியிறது ஒன்றியத்து ரோடு. ரெண்டும் சேர்ற இடத்துல, ரெண்டு பேருக்கும் பொதுவுல கிடக்கு பள்ளம். வருசா வருசம் அங்கிட்டு இவுக தார் ஊத்துவாக, இங்கிட்டு அவுக தார் ஊத்துவாக, பள்ளத்து ஓரத்துல வந்ததும் ரெண்டு பேரும் மரியாதையா நிறுத்திக்கிருவாக. கரண்டு ஆபீஸ்லயும் அதேதான். கம்பம் ஒரு செக்‌ஷன், அதுல இருந்து போற கம்பி இன்னொரு செக்‌ஷன்னு சொல்லக் கேட்டிருக்கேன். மழை நாள்ல கம்பி அறுந்து விழுந்தா, விழுந்த முனை எந்தப் பக்கம் கிடக்குன்னு பார்த்துத்தான் போன் பண்ணணும்.

வைகையில தண்ணி வந்த காலத்துல ஒரு கதை சொல்லுவாக. கரையில ஒரு பிரேதம் ஒதுங்குமாம். இந்தக் கரை ஏட்டையா விடியுமுன்ன வந்து பார்ப்பாராம். ஒரு கழியை எடுத்து மெல்ல ஒரு தள்ளு. பிரேதம் அக்கரைக்குப் போயி ஒதுங்கும். அக்கரை ஏட்டையா வெயில் ஏறினதும் வருவார், அவர்கிட்டயும் ஒரு கழி. செத்தவன் உசுரோட இருந்தப்பகூட அவ்வளவு தூரம் நீந்தியிருக்க மாட்டான்னு சொல்லிச் சிரிப்பாக. மெய்யோ பொய்யோ, இந்தக் கதை இல்லாத ஆத்தங்கரை ஊரு தமிழ்நாட்டுல இருக்கான்னு தேடிப் பாரு.

வெள்ளைக்காரன் 1859-ல மெட்ராஸ் ராஜதானிக்குப் போலீஸ் சட்டம் போடுறதுக்கு முந்தி, நம்ம பக்கம் ஊர்க்காவல்தான். காவல்காரனுக்கு அறுவடையில பங்கு. மாடு களவு போனா அவன் கண்டுபிடிச்சுக் குடுக்கணும், முடியலைன்னா கைக்காசைப் போட்டு ஈடு கட்டணும். பொருள் எங்க இருக்குன்னு தகவல் சொல்ல 'துப்புக்கூலி'ன்னு ஒரு தொகை வேற வாங்குவாக. அதுல நடந்த அயோக்கியத்தனமும் கொஞ்சநஞ்சம் இல்ல. சில ஊர்ல மாட்டை அவுத்தவனே துப்பும் சொல்லிக் கூலியும் வாங்கியிருக்கான். ஆனா ஒண்ணு, ஈடு கட்டணும்னு இருந்ததால, 'மாடு அறுத்துக்கிட்டுப் போன கயிறு என் எல்லை, மாடு அவன் எல்லை'ன்னு பேச வாய் வரல. இப்ப யாரும் ஈடு கட்ட வேண்டியதில்ல. வாய் நல்லா வருது.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்க. வேலை வந்தா இந்த லிமிட்டு சுருங்கும். வரவு வந்தா விரியும். நான் பேச்சுக்குச் சொல்லல, கணக்கோட சொல்றேன். 2011-ல மெட்ராஸ் கார்ப்பரேஷன் 174 சதுர கிலோமீட்டரா இருந்தது, ஒரே மூச்சுல 426 ஆச்சு. சுத்தி இருந்த நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சின்னு 42 உள்ளாட்சியை ஒரே வாயில போட்டு முழுங்கிருச்சு. ராத்திரி பஞ்சாயத்துல படுத்தவன் காலையில மாநகரத்துல எந்திரிச்சான். அன்னைக்கு எந்த ஆபீசராவது 'ஐயோ, அது நம்ம லிமிட்டு இல்லையே'ன்னு கையைப் பிசைஞ்சாரா? 2024-ல புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி நாலையும் மாநகராட்சி ஆக்குனாக. பக்கத்து ஊராட்சிகளைச் சேர்க்கிற பேச்சு வந்ததும் பல ஊர்ல சனம் மனுவைத் தூக்கிக்கிட்டு கலெக்டர் ஆபீசுக்கு ஓடுச்சு. வரி கூடும், நூறுநாள் வேலை போகும், எங்களைக் கிராமமாவே விட்டுருங்கன்னு. லிமிட்டுக்குள்ள வரமாட்டேன்னு சனம் கெஞ்சுது, வா வான்னு சர்க்கார் கூப்பிடுது. ஸ்டேஷன் வாசல்ல நடக்கிறதைத் தலைகீழாக் கவுத்துப் பாரு, இதுதான்.

சாராயத்துக்கு வா. 2016 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு, நெடுஞ்சாலையில இருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை கூடாதுன்னு. 2017 ஏப்ரல் ஒண்ணாம் தேதி அமலுக்கு வந்தது. அதுக்கு முந்தின நாள், 20,000 பேரோ அதுக்குக் கீழயோ இருக்கிற ஊர்ன்னா 220 மீட்டர் போதும்னு கொஞ்சம் இறங்கி வந்தாக. அப்ப இந்த நாடு லிமிட்டு விசயத்துல காட்டின மூளையை விவசாயத்துல காட்டியிருந்தா நானும் நீயும் எங்கயோ போயிருப்போம். சண்டிகர்ல, கடையை நகர்த்துறது கஷ்டம்னு ரோட்டோட பேரை மாத்திட்டாக. நேத்து வரைக்கும் நெடுஞ்சாலை, இன்னையில இருந்து மாவட்டச் சாலை. ரோடும் நகரல, கடையும் நகரல, லிமிட்டு மட்டும் காணாமப் போச்சு. நம்ம ஊர்லயும் மாநில நெடுஞ்சாலையை நகராட்சி ரோடா மாத்திறலாம்னு காகிதம் ஓடுச்சு, ஹைகோர்ட்டு குறுக்க வந்து நின்னுச்சு.

ஆனா எனக்குப் பிடிச்சது கேரளாக்காரன் தான். வட பறவூர்ல ஒரு பாரு, ரோட்டுக்குப் பக்கத்துலயே. ஓனர் என்ன பண்ணினார்? அங்க கிடந்த இடத்துல சிமெண்டுப் பலகையை நட்டு, வளைஞ்சு வளைஞ்சு போற நடைபாதை போட்டுட்டார். உள்ள நுழைஞ்சவன் இடது பக்கம் போயி, திரும்பி, வலது பக்கம் வந்து, மறுபடி திரும்பி, திருப்பதியில சாமி பார்க்கப் போறவன் கணக்கா நடந்து போயித்தான் கிளாஸைத் தொடணும். நடக்கிற தூரத்தை அளந்தா 500 மீட்டர் தாண்டிரும். பேப்பர்ல படம் போட்டிருந்தாக. போறப்ப சரி, வர்றப்ப அந்த வளைவுல எத்தனை பேரு வழி தெரியாம உள்ளயே சுத்தினானோ, அதை எந்தப் பேப்பரும் எழுதல. அடுத்த வருசம் நகராட்சி எல்லைக்குள்ள இருக்கிற கடைக்கு இந்தத் தடை கிடையாதுன்னு கோர்ட்டே சொல்லிருச்சு... இல்ல, அடுத்த வருசம் இல்ல, அதே 2017 ஜூலையில. பார்த்தியா, குடிக்காமலேயே எனக்குத் தேதி குழறுது.

சரி, சிரிச்சது போதும். ஒரு சேதி இருக்கு, அதுல சிரிக்க முடியாது. 2019 நவம்பர், ஹைதராபாத் ஓரம், சம்ஷாபாத். ஒரு பெண் கால்நடை மருத்துவர் ராத்திரி வீடு திரும்பல. வீட்டாளுக ஒரு ஸ்டேஷனுக்கு ஓடியிருக்காக, இது எங்க லிமிட்டு இல்லைன்னு இன்னொரு ஸ்டேஷனைக் காட்டியிருக்காகன்னு அந்தக் குடும்பமே சொல்லுச்சு. மறுநாள் என்ன கிடைச்சதுன்னு உனக்கும் தெரியும். வழக்குப் பதியத் தாமதம் பண்ணினதுக்காக ஒரு எஸ்.ஐ.யையும் ரெண்டு ஏட்டுகளையும் சஸ்பெண்டு பண்ணினாக. உன் வண்டி போனா போகுது மாப்ள, வேற வாங்கிக்கலாம்.

இப்ப நீ காதைக் குடுக்க வேண்டிய இடம். லிமிட்டுங்கறது விசாரிக்கிறதுக்கு. நீ சொல்றதைக் கேட்டு எழுதிக்கிறதுக்கு லிமிட்டே கிடையாது. நான் சொல்லல. 1993-லயே ஒரு ஆந்திரா கொலைக் கேசுல சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. எல்லை வேறன்னு சொல்லிப் புகாரை எழுத மறுத்த போலீஸ்காரர் கடமை தவறினார், எழுதிக்கிட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பியிருக்கணும்னு. 2013 நவம்பர் 12-ல அஞ்சு நீதிபதி உட்கார்ந்து லலிதா குமாரி வழக்குல இன்னும் ஓங்கிச் சொன்னாக, பிடிவாரண்டு இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம்னு தகவல்லயே தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு. தலைமை நீதிபதி யாருங்கற? நம்ம சதாசிவம். பவானிப் பக்கம் காடப்பநல்லூர்க்காரர், விவசாயி வீட்டுப் பிள்ளை. வரப்புத் தகராறு பார்த்து வளர்ந்தவருக்கு லிமிட்டு தெரியாமலா இருக்கும்? அதே வருசம் ஆரம்பத்துல, டெல்லிக் கொடுமைக்கு அப்புறம் உட்கார்ந்த வர்மா கமிட்டியும் இதைத்தான் சொல்லுச்சு. அப்படி வந்ததுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். எந்த ஸ்டேஷன்ல குடுத்தாலும் வாங்கிக்கிட்டு, முன்னாடி சைபர் போட்டுப் பதிஞ்சு, உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பிறணும். அங்க போனதும் அதுக்கு ஒழுங்கான நம்பர் விழும். 2024 ஜூலை ஒண்ணுல இருந்து புதுச் சட்டத்துலயே, 173-வது பிரிவுல, குற்றம் எந்த இடத்துல நடந்திருந்தாலும்னு பச்சையா எழுதிட்டாக.

ரயில்ல போனவனுக்கு இதைவிட யோகம். மதுரையில ஏறி எழும்பூர்ல முழிச்சுப் பார்த்து பெட்டியைக் காணோம்னா, திருச்சியில போச்சா விழுப்புரத்துல போச்சான்னு தூங்கினவனுக்கு எப்படித் தெரியும்? அந்த வண்டி போன வழியில எந்த ஊரு கோர்ட்டுலயும் விசாரிக்கலாம்னு 1973 சட்டத்துலயே இருந்தது. புகார் எழுதுற படிவம் டிக்கெட் பரிசோதகர்கிட்டயே கிடைக்கும். அதனால அடுத்த தடவை பைக்கைத் திருட்டுக் குடுக்கிறதா இருந்தா ரயில்ல ஏத்திக் குடு.

இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு நீ இப்ப என்ன பண்ணுவன்னு எனக்குத் தெரியும். நேரா உள்ள போயி, 'சார், செக்‌ஷன் 173!'னு சத்தம் போடுவ. வேணாம். அப்படிச் சத்தம் போட்ட ஒருத்தரை எனக்குத் தெரியும், நல்ல படிப்பாளி, சாயங்காலம் வரைக்கும் பெஞ்சுல உட்கார வச்சிருந்தாக. அவுக பக்கத்தையும் பாரு. இருக்கிற ஆளுல பாதி பந்தோபஸ்துக்குப் போயிருக்கும். ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டா அது கணக்குல ஏறும், கண்டுபிடிக்கலைன்னா மாசாமாசம் கிரைம் மீட்டிங்ல எஸ்.பி. முன்னாடி நின்னு பதில் சொல்லணும். உன் வண்டிக்காக அவர் ஏன் வாங்கிக் கட்டிக்கணும்? லிமிட்டைத் தூக்கிக் கேடயமாப் பிடிக்கிறது அதுக்குத்தான். கேடயத்து மேல முட்டினா உன் மண்டைதான் உடையும்.

நீ பணிஞ்சு போ. மனுவை ரெண்டு பிரதி எழுதிக்கிட்டுப் போ. 'அங்கிட்டு வாங்க மாட்டேங்கறாங்க ஐயா, நீங்க சொல்றதுதான் சரியாப் படுது'ன்னு ஆரம்பி. ரைட்டர் குளிர்ந்து போவார். அவர் 'நம்ம லிமிட்டு இல்லையே'ன்னு சொன்னதும் தலையை ஆட்டிக்கிட்டே, 'அப்படியே அந்த வார்த்தையை இந்த மனுவு மேலயே ஒரு வரி எழுதி, சீல் வச்சு, கையெழுத்துப் போட்டுத் தந்துருங்கய்யா. அங்கிட்டுக் கொண்டுபோய்க் காட்டணும்ல?'ன்னு கேளு. வேற ஒண்ணும் பேசாத. சிரிக்கவும் சிரிக்காத. வாய்ல நூறு தடவை சொல்ற லிமிட்டை எழுத்துல ஒரு தடவை எழுதுற போலீஸ்காரரை நான் இன்னும் பார்க்கல. பேனா எடுக்கும், வைக்கும், உள்ள போயி எஸ்.ஐ.கிட்ட குசுகுசுன்னு பேசும், திரும்பி வரும். வந்ததும் உனக்கு டீ வரும். டீ வந்தா வேலை நடக்கப்போகுதுன்னு அர்த்தம்.

அப்பயும் முழிச்சுக்கிட்டு இரு. மனு ரசீதுன்னு ஒண்ணைக் கிழிச்சுக் குடுத்து, 'போயிட்டு வாங்க தம்பி, கூப்பிடுறோம்'பாக. சி.எஸ்.ஆர்.ங்கறது அதுதான். மனு வாங்கினதுக்கு அடையாளம், அவ்வளவுதான், வழக்கு இல்ல. அதை வச்சுக்கிட்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனா அவுக உன்னைப் பார்த்துச் சிரிப்பாக. உனக்கு வேண்டியது எஃப்.ஐ.ஆர். அதோட நகலை உனக்குக் காசு வாங்காமத் தரணும், அதுவும் சட்டம். எதுவுமே நடக்கலையா, அதே மனுவை ஸ்பீடு போஸ்ட்ல எஸ்.பி.க்கு அனுப்பு, அனுப்பின சீட்டை அம்மாகிட்டக் குடுத்து வை, நீ தொலைச்சிருவ. அங்கயும் கிணத்துல போட்ட கல்லுன்னா அப்புறம் மாஜிஸ்திரேட்டு. அதுவரைக்கும் போகாது. எழுதிக் குடுங்கன்னு நீ கேட்ட இடத்துலயே பாலம் பூரா யாரோ ஒருத்தர் லிமிட்டுக்குள்ள வந்துரும்.

வண்டி கிடைக்காதுன்னு வையி. கொஞ்ச நாள் பொறுத்து, கண்டுபிடிக்க முடியலைன்னு போலீஸ் ஒரு சான்றிதழ் தருவாக, அதையும் வாங்கிக்க. அதை வச்சுத்தான் இன்சூரன்ஸ் பணம். ஆனா அந்த ஆபீஸ்ல காகிதத்தை எல்லாம் புரட்டி முடிச்சிட்டு, கடைசியா ஒண்ணு கேப்பான், வண்டிக்குக் குடுத்த ரெண்டு சாவியையும் மேஜை மேல வையின்னு. நீ செல்ஃபி எடுக்கப் போனப்ப ஒரு சாவி வண்டியிலயே தொங்கிக்கிட்டு இருந்ததுன்னு பரோட்டாக்கடைக்காரன் இங்க வந்து சொல்லிட்டுப் போறான். அது மட்டும் நிசமா இருந்துச்சுன்னா, மாப்ள, சத்தியமாச் சொல்றேன், அது என் லிமிட்டுல வராது. வண்டிக்குப் பணம் கட்டின உன் மாமனாரைப் போயிப் பாரு.